பெயர் போடாத ஆணை

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம். நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் தையற்கடையின் இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே இரண்டு தையல் இயந்திரங்கள் கயிற்றால் கட்டப்பட்டு, வாசலைப் பார்த்து நின்றன.

பால் வாங்கப் பையோடு இறங்கி வந்த தும்பி, கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பதினொரு வயது. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால்தான் வீட்டில் அவளுக்குத் தும்பி என்று பெயர். இன்று கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

கடைக்குள் தையற்கார மாமா ஓர் அட்டைப்பெட்டியில் நூல்கண்டுகளை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். துணி வெட்டும் பெரிய மேசை இருந்த இடத்தில் மேசை இல்லை. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"என்ன மாமா, வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"இல்ல பாப்பா. கிளம்புறேன்."

அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. எப்போதும் அவர் உதடுகளுக்கு நடுவில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அதனால் பேச்செல்லாம் "ம்", "ம்ஹூம்" என்ற இரண்டோடு முடிந்துவிடும். இன்று வாயில் ஊசி இல்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"எங்க கிளம்புறீங்க? எப்ப வருவீங்க?"

"அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல. எட்டு மணிக்கு வேன் வருது."

"ஏன் மாமா?"

"காகிதம் வந்துடுச்சு பாப்பா. பதினொன்னாம் தேதிக்குள்ள காலி பண்ணணுமாம். இன்னைக்குப் பதினொன்னு."

"யாரு சொன்னது? அப்படியெல்லாம் சொல்ல முடியாது! நான் எங்க அம்மாகிட்ட சொல்றேன். எங்க அம்மா சண்டைக்குப் போனா யாரும் நிக்க முடியாது, தெரியும்ல?" என்று தும்பி படபடவென்று பொரிந்தாள்.

மாமா சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பு கிழிந்துவிடாமல் பிரித்து நீட்டினார்.

"அறிவிப்பு" என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. "கட்டடத்தின் அவசரத் தேவையை முன்னிட்டு, கீழ்த்தளத்தில் தொழில் செய்பவர்கள் இம்மாதம் பதினொன்றாம் தேதிக்குள் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி."

அதன் கீழே வட்டமாக ஒரு முத்திரை. நடுவில் ஒரு மரம். மரத்தின் இடப்பக்கக் கிளை பாதியில் ஒடிந்திருந்தது.

தும்பிக்கு அந்த மரத்தைத் தெரியும். அந்தக் கிளை எப்படி ஒடிந்தது என்பதும் தெரியும். அவளுடைய கை வழுக்கித்தான் ஒடிந்தது.

"இது நான் எழுதினது" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"என்ன பாப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? சாப்பிடாம வந்தியா?"

தும்பி பையை அங்கேயே போட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

அந்தக் காகிதம் பிறந்த கதை இதுதான்.

தும்பியும் அவள் தம்பியும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டில்தான் படிப்பு. தம்பிக்கு ஆறு வயது. வெயில் காலத்திலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அவன் பெயர் பொட்டலம். அப்பா ரயில் ஓட்டுபவர். வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும்.

மற்ற பாடங்களுக்குப் புத்தகம் உண்டு. வரலாற்றை மட்டும் அம்மா புத்தகத்திலிருந்து தொடங்கமாட்டார். "முதல்ல கையால செஞ்சு பாரு. அப்புறம் படி" என்பார்.

ஆகவே அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைவிட வரலாறுதான் அதிகம். களிமண்ணில் விளக்கு செய்து எண்ணெய் ஊற்றினார்கள். அது ஒழுகியது. முட்டை ஓடுகளைத் துண்டு துண்டாக ஒட்டித் தரைச் சித்திரம் செய்தார்கள். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் முட்டைதான். காகிதக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிப் பழங்காலத் தாள் செய்தார்கள். அதில் எழுதியபோது தாளில் இருந்ததைவிட மேசையில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. அட்டைப்பெட்டிகளால் கட்டிய கோட்டை ஒன்று மூன்று மாதமாகச் சன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

போன வாரம் அரசாணை வாரம்.

"ஒரு ஆணைக்கு நாலு விஷயம் வேணும்" என்றார் அம்மா. "யார் சொல்றாங்க, யாருக்குச் சொல்றாங்க, என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள செய்யணும். எல்லாருக்கும் தெரியிற இடத்துல வைக்கணும். கீழே முத்திரை வேணும்."

தும்பி ஓர் அழிப்பானைக் காம்பஸ் முனையால் குடைந்து முத்திரை செய்தாள். அப்போதுதான் கை வழுக்கி, மரத்தின் கிளை போனது. ஓரத்து எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கவும் மறந்துவிட்டாள். அழுத்தினால் எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி விழுந்தன.

"விடு. நிஜ முத்திரையில இருக்கறதையும் இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல" என்றார் அம்மா.

அட்டைக்கோட்டைக்கு ராஜா, ஒரு களிமண் பொம்மை. அவருடைய குதிரைகளுக்கு லாயம் கட்ட இடம் வேண்டும். அதனால் கோட்டையின் கீழ்க்கட்டில் தொழில் செய்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்று தும்பி ஆணை எழுதினாள். ராஜாவின் பட்டப்பெயர்களே பாதித் தாளை விழுங்கிவிட்டன. பொட்டலம் கவிழ்த்த டப்பாவைத் தட்டி அதை உரக்கப் படித்தான். களிமண் ஆட்கள் யாரும் நகரவில்லை.

"இப்ப ஒரு வேலை" என்றார் அம்மா. "இதே ஆணை இந்தக் காலத்துல வந்தா எப்படி இருக்கும்? எழுது, பார்க்கலாம்."

தும்பி நோட்டுப் புத்தகத்தோடு கீழே போனாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டடத்தின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தண்ணீர்த்தொட்டி கழுவுவது பற்றி ஒன்று, மின்தூக்கி பழுது பற்றி ஒன்று. இரண்டையும் வரிவரியாகப் படித்தாள். "முன்னிட்டு", "ஒப்படைக்க", "மேல்நடவடிக்கை" என்று நல்ல கனமான சொற்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். இந்தக் கால அறிவிப்பில் குதிரை வராது என்பதால் குதிரைகளை எடுத்தாள். ராஜாவும் வரமாட்டார் என்பதால் ராஜாவையும் எடுத்தாள். அம்மாவின் கணினியில் தட்டச்சு செய்தாள்.

அம்மா வரைவைப் பார்த்துவிட்டு, மேலே சிவப்புப் பென்சிலால் "யார்?" என்று ஒரு சொல் எழுதினார்.

"அப்புறம் போட்டுக்கறேன்மா" என்றாள் தும்பி. போடவில்லை. அப்படியே அச்செடுத்து முத்திரை குத்தினாள்.

வெள்ளிக்கிழமை மாலை தும்பியும் அம்மாவும் அதைக் கீழே பலகையில் ஒட்டினார்கள், அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்புவதற்காக. படம் எடுத்த கையோடு மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. கோட்டைச் சுவருக்குப் பசை தடவப் போன பொட்டலம், கோட்டையோடு கோட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தான். இருவரும் ஓடினார்கள். அவனைப் பிரித்தெடுக்க வெந்நீரும் அரை மணி நேரமும் ஆயின.

மறுநாள் பலகையில் தாள் இல்லை. அம்மா எடுத்திருப்பார் என்று தும்பி நினைத்தாள். தும்பி எடுத்திருப்பாள் என்று அம்மா நினைத்தார்.

கீழ்த்தளத்தில் தொழில் செய்பவர் ஒரே ஒருவர்தான். தனக்கு வந்த காகிதம் என்று அவர் எடுத்துப் போயிருந்தார்.

தும்பி இதையெல்லாம் மூச்சுவிடாமல் அம்மாவிடம் கொட்டினாள். அம்மாவின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எந்தக் காகிதம்? நம்ம காகிதமா?"

"நம்ம காகிதம்தாம்மா. மடிச்சுப் பையில வச்சிருக்கார். மேசைகூட இல்லம்மா. எட்டு மணிக்கு வேன்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பிழை பார்க்கறது என் வேலை. கண்ணு முன்னாடி ஒட்டினதை நான் பார்க்காம வந்துட்டேனே."

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நம்மள ஜெயில்ல போடுவாங்களா?"

"சும்மா இருடா."

"போட்டா போர்வை தருவாங்களா?"

அம்மா எழுந்தார். "நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம்மா. எழுதினது நான். நானே சொல்றேன்" என்றாள் தும்பி. அழிப்பான் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவும் பொட்டலமும் நாலு படி பின்னால் வந்தார்கள்.

வேன் முன்கூட்டியே வந்திருந்தது. வேன் ஓட்டுநர் ஓர் இயந்திரத்தைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நில்லுங்க! அந்தக் காகிதம் நிஜமில்ல. நான்தான் எழுதினேன். பாடத்துக்காக எழுதினேன்."

மாமா அவளைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"நல்ல பிள்ளை. மாமா போகக்கூடாதுன்னு பொய் சொல்றியா?"

தும்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொன்னால் திட்டுவார், கத்துவார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். நம்பமாட்டார் என்று மட்டும் நினைக்கவே இல்லை.

"பொய் இல்ல மாமா! சத்தியமா நான்தான்!"

"'மேல்நடவடிக்கை'ன்னு நீ எழுதுவியா பாப்பா? எனக்கே அதை ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியுது."

"இவ எழுதுவா" என்றார் பின்னால் நின்ற அம்மா, ரொம்பச் சின்னக் குரலில்.

"நீங்களுமாம்மா? உங்க வீட்டுக்கே பெரிய மனசு" என்றார் மாமா. பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கினார்.

தும்பி மைப்பெட்டியைத் திறந்தாள். அழிப்பானை மையில் தொட்டு, அவர் கட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரே குத்தாகக் குத்தினாள்.

வட்டம். நடுவில் மரம். இடப்பக்கம் ஒடிந்த கிளை.

மாமா கயிற்றை விட்டார். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தையற்காரர் கண், நூலளவு வித்தியாசம் இருந்தாலும் தெரிந்துவிடும். வித்தியாசம் இல்லை. தும்பியின் கையிலிருந்த அழிப்பானை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"ரப்பர்" என்றார். பிறகு இயந்திரத்தின் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேன் ஓட்டுநர் வாயைப் பிளந்தபடி நின்றார். "அடப்பாவமே! ஒரு ரப்பருக்காகவா என்னை அஞ்சு மணிக்கு எழுப்பினீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"நாலு நாளா நான் தூங்கல பாப்பா" என்றார் மாமா. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தும்பிக்குத் தாங்கியிருக்கும். "பதினோரு வீட்டுத் துணியைத் தைக்காமத் திருப்பிக் கொடுத்தேன். எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. ஏன் போறீங்க, ஏன் போறீங்க. காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன். அவ குத்துக்கல்லாட்டம் இருக்கா."

"வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாமே மாமா?"

"மூணு தடவை போன் போட்டேன். எடுக்கல. எடுத்தா மட்டும் என்ன? இதுக்கு முன்னாடி ரெண்டு கடை காலி பண்ணியிருக்கேன். ரெண்டு தடவையும் இப்படித்தான் ஒரு காகிதம் வந்துச்சு. யார் எழுதினாங்கன்னு அதுல பேர் இருக்காது. யார்கிட்டப் போய்க் கேட்கறது? இதுலயும் பேர் இல்ல. அதான் நிஜம்னு நம்பினேன்."

பெயர் விட்டுப்போனதைத் தும்பி ஒரு சின்னப் பிழை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சிவப்புப் பென்சில் எழுதிய அந்த ஒற்றைச் சொல் கண்முன் வந்து நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மாமா தன்னைத்தான் தேற்றுவார், அது நியாயமில்லை என்று தோன்றியது. மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள்.

"சரி, விடு. ஆனா இனிமே இருந்து நான் என்ன பண்றது? துணி இல்ல. வெட்டு மேசையை நேத்து ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுத்துட்டேன். மேசை இல்லாத தையற்காரன் எதுல வெட்டுவான், மடியிலயா? வேனும் வந்தாச்சு. அக்கா அறையெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கா. போயிடறேன்."

வேன் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பதரைக்கு எனக்கு வேற சவாரி இருக்கு. அதுவரைக்கும் சண்டை போடுறதுன்னா போடுங்க. நான் டீ குடிச்சுட்டு வர்றேன்."

"மாமா, ஒரு பத்து நிமிஷம்" என்றாள் தும்பி. "பத்தே நிமிஷம். எந்தப் பெட்டியையும் ஏத்தாதீங்க."

அரசாணை வாரத்தில் அம்மா சொன்ன ஒரு செய்தி அவளுக்கு நினைவில் இருந்தது. தப்பான ஆணையைக் கிழித்துப் போட்டால் மட்டும் போதாது. அதைக் கேட்டவர்கள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ரத்து என்று இன்னோர் ஆணை போட்டு, அதே இடத்தில் வைக்க வேண்டும், அத்தனை பேருக்கும் படித்துக்காட்ட வேண்டும்.

மேலே ஓடிப்போய்க் கையாலேயே எழுதினாள். இந்த முறை முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. தும்பி என்ற பெயர் அல்ல; பிறப்புச் சான்றிதழில் இருக்கும் முழுப்பெயர்.

"மேற்படி பெயருடைய நான், வயது பதினொன்று, மூன்றாம் மாடி, எல்லாருக்கும் தெரிவிப்பது: கீழ்த்தளத்தைக் காலி செய்யச் சொன்ன அறிவிப்பை எழுதியது நான்தான். வரலாற்றுப் பாடத்துக்காக எழுதி, பலகையில் ஒட்டி, எடுக்க மறந்துவிட்டேன். அது உண்மை இல்லை. தையற்கார மாமா எங்கும் போக வேண்டியதில்லை. அவரிடமிருந்து துணியைத் திரும்பப் பெற்றவர்கள் இன்று மாலைக்குள் மறுபடி கொடுக்கலாம். கோபம் இருப்பவர்கள் மூன்றாம் மாடிக்கு வந்து என்னைத் திட்டலாம்."

அம்மாவிடம் நீட்டினாள். அம்மா பழக்கத்தில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கடைசிவரை படித்தார். பென்சிலைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டார்.

மாமாவும் படித்தார். முதல் வரியை இரண்டு முறை படித்தார்.

"பேரு போட்டிருக்கே" என்றார்.

"ஆமா மாமா."

"எல்லாரும் உன்னைத் திட்டுவாங்களே, பாப்பா?"

"திட்டட்டும் மாமா. முதல்ல மேசையை வாங்கலாம். வர்றீங்களா?"

டீ குடிக்கப் போனவர் திரும்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேனின் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்க, ஏறுங்க. காலையில எழுந்ததுக்கு எதையாவது ஏத்தி இறக்கினாத்தான் எனக்கு மனசு ஆறும்."

ரொட்டிக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. தும்பி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். ரொட்டிக்கடைக்காரர் முழங்கைவரை மாவோடு நின்று கேட்டார். படித்து முடிந்ததும் கண்கள் இரண்டும் வட்டமாகிவிட்டன.

"என்னது! மேசையைத் திருப்பிக் கேட்குறியா? அங்க பாரு!"

மாமாவின் வெட்டு மேசை நடுக்கடையில் நின்றது. அதன் மேல் வரிசை வரிசையாக மாவு உருண்டைகள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உப்பிக்கொண்டிருந்தன.

"பொட்டலம் மாதிரியே இருக்கு" என்றான் பொட்டலம்.

"என் பழைய மேசை கால் ஒடிஞ்சு, இப்ப அடுப்புல விறகா எரியுது" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "இதையும் கொடுத்துட்டு நான் தலைமேல வச்சு மாவு உருட்டவா? இதுக்குத்தான் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்கறது. வீட்டுல வச்சுக்கிட்டா இப்படித்தான், ஊரையே காலி பண்ணும்!"

அம்மாவின் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேன் ஓட்டுநர் குறுக்கே விழுந்தார். "அண்ணே, இவரை முன்னாடி ரெண்டு தடவை காலி பண்ண வச்சவங்கெல்லாம் பெரிய பள்ளிக்கூடம் போனவங்களாத்தான் இருப்பாங்க. ஒருத்தராவது வந்து நான்தான்னு சொன்னாங்களா?"

ரொட்டிக்கடைக்காரர் மாவை ஒரு குத்து குத்தினார்.

தும்பி மேசையைப் பார்த்தாள். நீளம், அகலம், உயரம். எங்கேயோ பார்த்த அளவு. தினமும் பார்க்கும் அளவு.

"அண்ணா, எங்க வீட்டுல ஒரு மேசை இருக்கு. சாப்பாட்டு மேசை. நல்ல கனமான மரம். அதை நீங்க எடுத்துக்கறீங்களா? இதை மாமாவுக்குக் கொடுத்துடுங்க."

சொல்லிவிட்டுத்தான் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திடுக்கிட்டுப் போயிருந்தார். அந்த மேசையில்தான் அவர் வேலை பார்க்கிறார். அதில்தான் அத்தனை பாடமும்.

அம்மா ரொட்டிக்கடைக்காரரின் பக்கம் திரும்பினார்.

"அதுல கொஞ்சம் முட்டை ஓடு ஒட்டியிருக்கும்" என்றார் அம்மா. "சுரண்டித் தர்றோம்."

"ஒரு மூலையில பழங்காலத்து எழுத்தும் இருக்கு" என்றான் பொட்டலம்.

ரொட்டிக்கடைக்காரர் மாறி மாறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாகத் தும்பியின் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"ஆடாம நிக்குமா அது?"

"நான் மேல ஏறிக் குதிச்சிருக்கேன் அண்ணா. ஆடாது."

"சரி, கொண்டா. இந்த ரொட்டி அடுப்புக்குள்ள போக இன்னும் இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள வரணும்."

மூன்றாம் மாடியிலிருந்து மேசையை இறக்குவது லேசான காரியமாக இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. "வீடு காலி பண்றீங்களா?" என்று எல்லோரும் பதறினார்கள். பொட்டலம் டப்பாவைத் தட்டினான். தும்பி அங்கேயே படியில் நின்று ரத்து ஆணையைப் படித்தாள்.

இரண்டாம் மாடி அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! அவங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னுல்ல சொன்னாரு? நான் பழம்கூட வாங்கி அனுப்பினேனே!"

"பழம் நல்லா இருந்துச்சும்மா" என்றார் மேசையின் மறுமுனையைப் பிடித்திருந்த மாமா, தரையைப் பார்த்தபடி. "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க."

அத்தை சிரித்துவிட்டார். பிறகு தும்பியின் பக்கம் திரும்பி நன்றாகத் திட்டினார். நிஜமாகவே திட்டினார். தும்பி "ஆமா அத்தை", "தப்புதான் அத்தை" என்று கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்ததும் அவர் உள்ளே போய், தைக்காமல் திரும்பி வந்த சட்டைத்துணியை எடுத்து வந்து மாமாவின் தோளில் போட்டார். மாமாவின் இரண்டு கையிலும் மேசை இருந்தது.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குச் சாப்பாட்டு மேசை ரொட்டிக்கடைக்குள் போனது. ஒன்பது இருபதுக்கு வெட்டு மேசை கீழ்த்தளத்தில், தரையில் இருந்த நான்கு தடங்களின் மேல் இறங்கியது. மாவு துடைத்தும் முழுதாகப் போகவில்லை. ஒன்பதரை மணிச் சவாரிக்கு வேன் ஓட்டுநர் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினார்.

மாமா தன் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா போட்ட சத்தம் கடைக்கு வெளியிலும் கேட்டது. உடம்பு சரியில்லை என்ற பொய் அவர் காதுக்கும் போயிருந்தது.

தும்பி ரத்து ஆணையைப் பலகையில் ஒட்டினாள். பிறகு தம்பியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மீதிப் பத்து வீட்டுக்கும் நடந்தாள். நான்கு வீட்டில் திட்டினார்கள். மூன்று வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் இரண்டும் நடந்தது. ஒரு வீட்டில் கதவைத் திறந்த தாத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கடைசி வீட்டில் நாய் மட்டும்தான் இருந்தது. பொட்டலம் அதற்கும் டப்பா தட்டினான்.

மறுநாள், மார்ச் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, தையற்கடை ஒன்பது மணிக்குத் திறந்தது. பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டுத் துணி திரும்பி வந்திருந்தது. இரண்டு பேர் ஏற்கெனவே வேறு கடையில் கொடுத்துவிட்டார்கள். மாமா முதலில் வெட்டியது இரண்டாம் மாடி அத்தையின் சட்டைத்துணி. பன்னிரண்டு மணிக்குத் தைத்து முடித்தார்.